குதிரைக்குத் தறப்பாள் போர்த்துவதை முதலில் நிறுத்துங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், கல்லடிக் கடற்கரையில் சவாரிக் குதிரை ஒன்று ஓர் இளைஞரின் முழங்கையைக் கடித்தது பற்றி எழுதியிருந்தார். மழை தூறத் தொடங்கியதும் குதிரைக்குப் போர்வை போடப் போன நேரத்தில் கடி விழுந்திருக்கிறது. "இப்படி வெறி பிடித்த மிருகத்தைக் கடற்கரையில் விட்டு வைக்கக் கூடாது, அல்லது பல்லையாவது பிடுங்கி விட வேண்டும்" என்று முடித்திருந்தார்.

கடி பட்டவரின் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குதிரை கடித்தால் பல் பதிவதோடு நிற்காது, சதையைப் பிடித்து நசுக்கி இழுக்கும். ஆனால் பல்லைப் பிடுங்கச் சொன்னவர் ஒரு தடவையாவது குதிரையின் வாயைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். முன்வாயில் மேலே 6, கீழே 6 என்று 12 வெட்டுப்பற்கள். அவற்றால்தான் அது புல்லைக் கத்தரித்துத் தின்கிறது. பல்லைப் பிடுங்கிய குதிரையைப் பிறகு யார் ஊட்டி வளர்ப்பது?

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பிறந்து வளர்ந்தது நுவரெலியாவில். அப்பாவுக்குப் பின்னால் நானும் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தீனி வைப்பது, தேய்த்து விடுவது, இரவில் கம்பளி போர்த்துவது, விடிந்ததும் அதைக் கழற்றி உதறிக் காயப்போடுவது, இதுதான் தொழில். அங்கே தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி கிடக்கும். உடம்பு மயிரை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் பந்தயக் குதிரைக்குக் கம்பளி இல்லாமல் சரிவராது. ஏப்ரல் பந்தயக் காலம் நெருங்கினால் லாயத்தில் படுக்கவும் நேரம் இருக்காது. பிறகு மட்டக்களப்பில் கல்யாணம் கட்டி, மனைவியின் ஊரே என் ஊராகி விட்டது. இந்த ஊர் வெயிலுக்கு என் மலைநாட்டு உடம்பு பழக வெகுகாலம் எடுத்தது. அதனால் குதிரையின் பாடு எனக்குக் கொஞ்சம் விளங்கும்.

உங்கள் பத்திரிகையைப் படித்த அன்று பின்னேரமே அந்தக் குதிரையைப் போய்ப் பார்த்தேன். கபில நிறப் பெண்குதிரை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதன் உரிமையாளர் என் மனைவி வழியில் எனக்கு மருமகன் முறை. என்னைக் கண்டதும், "மாமா, நான் ஒரு நாளும் இதுக்கு அடிச்சதில்ல" என்றார். அடித்ததாக நான் சொல்லவேயில்லை. "முன்னம் இப்பிடி இல்ல மாமா. இந்த மாரி தொடங்கினாப் பிறகுதான் போர்வையைக் கண்டாலே வாயைத் திறக்குது" என்றும் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சொல்தான். இத்தனை நாளும் சும்மா நின்ற குதிரை திடீரென்று கடிக்கத் தொடங்கினால் முதலில் அதன் உடம்பைப் பார்க்க வேண்டும். குணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

போர்வை, போர்வை என்று எழுதியிருந்தார்களே, அது என்னவென்று பார்த்தேன். நெல் மூட்டைக்கு மேலே போடுகிற நீலத் தறப்பாளில் வெட்டிய ஒரு துண்டு. முன்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு, நைலோன் கயிறு கோத்து, நெஞ்சில் முடிச்சு. அதற்கு அடியில் கல்யாண ஊர்வலத்துக்கு விரிக்கிற சரிகைத் துணி. ஊர்வலம் முடிந்து நேரே கடற்கரைக்கு வந்தால் அந்தத் துணியைக் கழற்றாமலே அதற்கு மேல் தறப்பாளைப் போடுவார்களாம். சரிகைத் துணியைத் திருப்பிப் பார்த்தால் உட்பக்கம் முழுக்க நூல் முடிச்சும் கண்ணாடித் துண்டுகளின் விளிம்பும். வெளிப்பக்கம் படம் எடுக்க வடிவாகத்தான் இருக்கிறது.

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் கை வைத்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் மயிர் நன்றாகவே படிந்திருந்தது. விரல் நுனியை மயிருக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டியபோதுதான் சின்னச் சின்னப் பொருக்குகள் தட்டுப்பட்டன. ஒன்று தானாகக் கழன்று விரலோடு வந்தது. கொத்து மயிர் அதில் ஒட்டிக்கொண்டு, கழுவாமல் காயவிட்ட வர்ணத் தூரிகை மாதிரி நின்றது. அது இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஈரத்தோல். குதிரை காதைப் பின்னால் மடித்து, மூக்கைச் சுருக்கி, தலையை என் பக்கம் திருப்பியது. நான் கையை அப்படியே நிறுத்தினேன். அதுவும் நின்றது. வெறி பிடித்த மிருகம் இப்படி முன்கூட்டி அறிவித்து விட்டுக் காத்துக்கொண்டு நிற்காது.

இது மழைப்புண். ஈரத்தில் ஊறி மெதுத்துப் போன தோலில் ஒரு வகைப் பற்றீரியா உட்புகுந்து பெருகுவதால் வருவது. உரசலும் இலையான் கடியும் அதற்கு வழி திறந்து விடும். மழையில் நனைந்து விட்டுக் காற்றில் காய்கிற குதிரையை விட, பிளாஸ்டிக்குக்குள் வியர்த்து அவிகிற குதிரைக்கு இது சுலபமாக வரும். அந்த இடத்தின் மேல் தறப்பாளை எறிந்து கழுத்துப் பக்கம் இழுத்தால் நானும்தான் கடிப்பேன்.

அடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. மட்டக்களப்பில் குதிரைக்குப் போர்வை எதற்கு? மார்கழி இரவிலும் இங்கே வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வயிறு நிறைந்து, உடம்பு உலர்ந்து நிற்கிற குதிரைக்கு அதில் பாதி என்றாலும் பெரிய குளிரில்லை. நாள் முழுக்கப் புல்லையும் வைக்கோலையும் அரைக்கிற அதன் வயிறே உடம்புக்குச் சூடு தந்துகொண்டிருக்கும். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவின் கட்டைக்குதிரைகளுக்கு யாரும் போர்வை போடுவதில்லை. அவை தலைமுறை தலைமுறையாக வெட்டவெளியில் வாடைக்காற்றையும் மழையையும் தாங்கி நிற்கின்றன. அங்கே குதிரைகள் இறந்ததாக நான் படித்த செய்திகள் வறட்சியில் தண்ணீர் இல்லாமல் இறந்த செய்திகள்தான். நம் கடற்கரைக் குதிரைக்கு வேண்டியது தலைக்கு மேல் ஒரு கூரை, காலுக்குக் கீழ் தண்ணீர் நிற்காத தரை. போர்வை என்பது நாமே நுவரெலியாவிலிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ இறக்குமதி செய்த ஆசை.

புண் ஒன்றுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். வயிற்றையும் பார்க்க வேண்டும். மனிதருக்குச் சாப்பாட்டு வேளையில் அமிலம் கூடுதலாகச் சுரக்கும். குதிரைக்கு இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அது மெல்லும்போது ஊறுகிற உமிழ்நீர்தான் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. காலையில் கொஞ்சம் தவிடு, பிறகு மாலை வரை சவாரி, இரவில்தான் புல் என்றால் வயிற்றில் புண் வராமல் என்ன செய்யும்? பந்தயப் பயிற்சியில் உள்ள குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பதாக மிருக வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குதிரை வயிற்றுப் பட்டியை இறுக்கும்போதும், விலாவைத் துணி தொடும்போதும் சீறும். ஆட்கள் அதைத் திமிர் என்பார்கள். உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு வரை ஒவ்வொரு நாளும் புல், வைக்கோல் வகை உள்ளே போக வேண்டும், அதுவும் ஈரத்தைக் கழித்துப் பார்த்த கணக்கில். 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் நிறுக்கும்போது அதைப் போலப் பல மடங்கு வரும். கடற்கரையில் குதிரை வைத்திருக்கிற நம் தம்பிமார் போடுகிற ஒரு கட்டுப் புல் எந்த மூலைக்கு?

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் கடிக்கிற குதிரைகளும் உண்டு. அவற்றில் அநேகம் ஒரு காலத்தில் வலித்ததால் கடித்துப் பழகியவை. ஒரு தரம் கடித்தது, ஆள் துணியைப் போட்டு விட்டு ஓடினார், துணி போய்விட்டது. குதிரைக்கு இதை விட நல்ல பாடம் யார் சொல்லிக் கொடுப்பது? வலி ஆறிய பிறகும் பழக்கம் நிற்கும். அதைத் தடி கொண்டு மாற்றப் போனால், துணி வந்தால் அடியும் வரும் என்று இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். பிறகு காதை மடித்து அறிவிப்பதையும் விட்டு விட்டு நேரே கடிக்கும். நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் மேஸ்திரி ஒருவர் காதை முறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போர்த்துவார். வேலை சுறுசுறுப்பாக முடியும். ஆனால் அவர் கைபட்ட குதிரைகளுக்குப் பிறகு தலையில் கடிவாளம் மாட்ட நாங்கள் பட்ட பாடு அவருக்குத் தெரியாது, அது மற்றவர் வேலை என்பதால்.

சரி, கல்யாணத்துக்குத் துணி விரிக்கத்தான் வேண்டும், இலையானுக்கு வலை போடத்தான் வேண்டும் என்றால் எப்படிச் செய்வது? புண் ஆறிய பிறகு என்பது முதல் நிபந்தனை. இறுக்கக் கட்டி வைத்த குதிரைக்குத் துணி போடாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நிற்கிற அதே பக்கத்தில் நிற்கட்டும். குதிரைக்கு முன்னால் வைக்கோல் இருக்கட்டும். மெல்லுகிற வாய் கடிக்க யோசிக்கும். துணியைத் தூக்கி எறியவே கூடாது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவரப் பார்க்கும், ஆனால் நேர் பின்னாலும், மூக்கின் நேர் முன்னால் ஒரு துண்டும் அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து படபடவென்று வந்து முதுகில் விழுகிற பொருள் அதன் புத்திக்குப் புலிதான்.

துணியை மூன்றாக மடியுங்கள். இடது தோள் அருகே நின்று முதலில் முகர்ந்து பார்க்க விடுங்கள். பிறகு மடித்தபடியே தோளில் தொட்டு எடுங்கள். காது முன்னால் இருக்கிறதா, வாய் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துணியை விலக்கி விட்டு ஒரு பிடி தீனியை வாளியில் போடுங்கள். வாளியில்தான். கையில் கொடுத்துப் பழக்கினால் அது கையைத் தேடும், பிறகு சட்டைப்பையைத் தேடும், அப்புறம் இன்னொரு கடிதம் உங்கள் பத்திரிகைக்கு வரும். கடற்கரைக்கு வருகிற குடும்பங்கள் பிள்ளைகளின் கையில் பாண் துண்டைக் கொடுத்துக் குதிரைக்கு நீட்டச் சொல்வதையும் இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன். தயவு செய்து வேண்டாம்.

தொடுவதைக் குதிரை பொறுத்துக்கொண்ட பிறகு, துணியை முதுகில் கொஞ்சம் முன் தள்ளி, கழுத்தடியிலேயே வையுங்கள். அங்கிருந்து மடிப்பைப் பிரித்துப் பின்னால், மயிர் படிந்திருக்கிற போக்கில் நகர்த்துங்கள். அதிகம் பின்னால் போய்விட்டால் முன்னுக்கு இழுக்கக் கூடாது, எடுத்து விட்டுத் திரும்ப வைக்க வேண்டும். முன்னுக்கு இழுத்தால் மயிர் எதிர்த்து நிமிர்ந்து அடியில் மடிந்து கிடக்கும், நாள் முழுக்க உறுத்தும். கழுத்து மயிர் உள்ளே சிக்கியிருந்தால் வெளியே எடுத்து விடுங்கள். நெஞ்சுப் பூட்டைப் போடும்போதுதான் பெரும்பாலான குதிரைகள் கடிக்கும், ஏனென்றால் நம் கை வாய்க்கு அடியிலேயே நிற்கிறது, வாரை நாம் இழுப்பதும் தோளில் அழுத்துகிறது. நேர் முன்னால் நிற்காமல் தோள் ஓரமாகவே நின்று, இழுக்காமல் பூட்டுங்கள். பூட்டிய பிறகு ஒரு கைப்பிடி உள்ளே போய் வர இடம் இருக்க வேண்டும். முதலில் நெஞ்சு, பிறகு வயிற்று வார். கழற்றும்போது வயிற்று வாரை முதலில், நெஞ்சைக் கடைசியில். மாற்றிச் செய்தால், குதிரை நடுவில் அசைந்தால் துணி வயிற்றுக்கு அடியில் தொங்கிக் காலில் சுற்றும். அப்போது ஓடத் தொடங்குகிற குதிரையைக் கடற்கரையில் யாரும் பிடிக்க முடியாது.

நடுவில் எங்காவது காது பின்னால் போனால் கையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், பறித்துக்கொண்டு ஓடாதீர்கள். காது திரும்பி வந்ததும் துணியை விலக்குங்கள். அடுத்த முறை அதற்கு முந்திய படியிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் சில நிமிடம் போதும். சில குதிரை சில நாளில் பழகும், சிலதுக்கு வாரக்கணக்கில் எடுக்கும். ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கும்போது, மேளம் அடிக்கும்போது, வெடி கொளுத்தும்போது இதைப் பழக்க முடியாது. அதற்கென்று அமைதியான ஒரு காலை நேரம் வேண்டும்.

இந்தக் குதிரைக்காக அதன் உரிமையாளரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பொருக்கை நகத்தால் உரிக்காதே, தோல் கிழியும். மிருக வைத்தியரைக் கூட்டி வந்து காட்டு, அவர் சொல்லும் கிருமிநாசினிக் கரைசலில் ஊற வைத்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடு. தேய்க்கிற பிரஷ்ஷையும் துணிகளையும் தனியாகக் கொதிநீரில் போட்டு எடு, மற்றக் குதிரைக்கு அதைப் பாவிக்காதே. கை கழுவாமல் வீட்டுக்குள் போகாதே. ஆறும் வரை முதுகில் எதுவும் ஏறக் கூடாது, சேணமும்தான். "அப்ப உழைப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை, ஆனால் குதிரையிடமும் இல்லை.

கடி பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்று அந்த இளைஞரின் கையில் யாரோ மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி விட்டிருக்கிறார்கள். அது கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு நேரே ஆஸ்பத்திரி. குதிரைச் சாணி விழுகிற மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கும், அதனால் ஏற்பூசி நிலுவையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். விசர்நாய் கடித்தால் குதிரைக்கும் விசர் வரலாம். கடற்கரையில் கட்டாக்காலி நாய்களுக்குக் குறைவில்லை என்பதால் அந்தத் தடுப்பூசி தேவையா என்பதையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும். "குதிரைதானே, நாய் இல்லையே" என்று வீட்டில் இருந்து விடாதீர்கள்.

இப்போது பொறுப்பானவர்களுக்கு. மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக நாம் இன்னும் எடுத்துப் பேசுகிற சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான். என் பாட்டன் காலத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு குதிரையைக் காப்பாற்றலாம் என்று நான் நம்பவில்லை. தம்பிமாரைப் பொலிசில் பிடித்துக் கொடுக்கச் சொல்லவும் நான் எழுதவில்லை. அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்ல, குதிரையை யாரிடமிருந்து வாங்கினார்களோ அவர்கள் சொல்லிக் கொடுத்ததோடு சரி. குதிரை வைத்திருப்பவர்களை மாரிக்கு முன்னம் ஒரு நாள் கூப்பிட்டு, மிருக வைத்தியர் ஒருவரைக் கொண்டு தோல், வாய், குளம்பு மூன்றையும் பார்க்க வைக்கலாம். செலவு பெரிதில்லை. பல் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தால் அதுவும் அப்போது தெரிய வரும்.

இன்னொன்று கூரை. நான்கு மரக்கம்பு, மேலே கிடுகு, தரையில் கொஞ்சம் உயர்த்திப் போட்ட மணல். காற்று வருகிற பக்கம் மட்டும் ஒரு தட்டி. குதிரைகள் மழைக்கு அதில் ஒதுங்கினால் தறப்பாளுக்கு வேலையே இருக்காது. அந்தக் குதிரையின் உரிமையாளர் இதற்கு இடம் கேட்டு மாநகர சபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறார், கிடுகுக்கான செலவை அவரும் மற்றக் குதிரைக்காரர்களும் போடுவதாகச் சொல்கிறார்கள். சபை தர வேண்டியது அனுமதி மட்டும். அலை ஏறாத, சவுக்கு மரங்கள் பக்கம் ஒரு துண்டு நிலம் போதும். தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு அனுமதி தந்தால் அடுத்த மாரி வரை அந்தக் கடதாசியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால், இப்போதே தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய குதிரை லாயத் தொழிலாளி,
கல்லடி, மட்டக்களப்பு.